மீன் தொட்டியின் கடைமடை: கீழ்த்தொட்டியில் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஏன்?

பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளை எனத் தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வரவேற்பறையில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இடம்பிடித்துவிட்டது. முன்பெல்லாம் சிறு தொட்டி, இரண்டு தங்கமீன், காற்றுக் குமிழி விடும் ஒரு சிறு கருவி, அவ்வளவுதான். இப்போது நான்கடி நீளத் தொட்டி, அதன் அடியில் மரப்பெட்டிக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி, இரண்டையும் இணைக்கும் குழாய்கள் என்று அமைப்பு பெரிதாகிவிட்டது. அந்த அடித்தொட்டியைத்தான் கடைக்காரர்கள் 'சம்ப்' என்கிறார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் தேக்கும் சம்ப் நமக்குத் தெரியும். மீன் தொட்டிச் சம்ப் அதன் சிறு பிள்ளை எனலாம். இக்கட்டுரையில் அதைக் கீழ்த்தொட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

மின்சாரமும் குழாயும் சார்ந்த சிறு வேலைகள் எனக்குக் கொஞ்சம் பழக்கம் என்பதால், இந்தத் தொட்டிகளைப் பார்த்துச் சொல்லும்படி நண்பர்கள் என்னை அழைப்பதுண்டு. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்: "அண்ணாச்சி, நேத்து இருந்த தண்ணி இன்னைக்கு இல்ல. எங்க போச்சுன்னே தெரியல." சில வீடுகளில் இதற்கு நேர்மாறான குறை: "ஊத்தவே இல்ல, ஆனா தண்ணி கூடியிருக்கு." இரண்டும் அஞ்ச வேண்டியவை அல்ல. ஆனால் காரணம் தெரியாமல் அவசரப்பட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், அன்று இரவு மின்சாரம் போகும்போது அந்தத் தண்ணீர் முழுதும் தரையில் நிற்கும். மின்சாரமும் தண்ணீரும் அருகருகே இருக்கும் இடம் அது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுதலாம் என எண்ணினேன்.

சிறு வரலாறு

கண்ணாடித் தொட்டியில் மீன், செடி இரண்டையும் சேர்த்து வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும்படி சமநிலை காணலாம் என்று 1850-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, பல்லாண்டுகள் மக்கள் கண்டு மகிழ்ந்தனர்.

நம் பகுதிக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1947-இல் தொடங்கப்பட்டு, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பின்னர்க் கொச்சிக்கு இடம் மாறியது. அதன் ஒரு மையம், நெய்யாற்றின்கரையிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய விழிஞத்தில் இருக்கிறது. கடல் மீன்களை வண்ணத் தொட்டிகளில் அங்கே காணலாம். சிறுவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மீனைப் பார்த்து முடித்தபின், தண்ணீர் எந்த வழியே வருகிறது, எந்த வழியே போகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

மறுகாலும் கடைமடையும்

கீழ்த்தொட்டி அமைப்பைப் புரிந்துகொள்ள ஆங்கிலச் சொற்கள் எவையும் வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் குளத்துப் பாசனத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு எல்லாச் சொல்லும் கையில் இருக்கிறது.

மேலே இருக்கும் காட்சித் தொட்டி ஒரு குளம். அதன் மூலையில், மேல்விளிம்பில் பல்வரிசை போல் வெட்டப்பட்ட ஒரு தடுப்பு இருக்கும். குளம் நிறைந்ததும் மறுகால் பாய்வதுபோல், தொட்டி நிறைந்ததும் அந்தத் தடுப்பைத் தாண்டித் தண்ணீர் வழியும். வழிந்த நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். கீழ்த்தொட்டி கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் அறையில் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை அல்லது ஸ்பாஞ்சு. இரண்டாம் அறையில் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கற்களும் பீங்கான் வளையங்களும். கடைசி அறையில் மோட்டார். அது தண்ணீரை மீண்டும் மேலே அனுப்பும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். குளத்தின் மட்டத்தை நிர்ணயிப்பது மறுகாலின் உயரம். ஆகவே மேல்தொட்டியின் மட்டம் அநேகமாக மாறாது. கீழே முதல் இரண்டு அறைகளின் மட்டத்தை அவற்றின் தடுப்புகள் நிர்ணயிக்கின்றன. அவையும் அநேகமாக மாறா. மாறக்கூடிய ஒரே இடம் மோட்டார் இருக்கும் கடைசி அறை. வாய்க்கால் முழுவதிலும் எங்கே கசிந்தாலும், எங்கே அடைத்தாலும், குறை தெரிவது கடைமடையில்தான் அல்லவா? அதுபோல இந்த அமைப்பின் கடைமடை அந்தக் கடைசி அறை.

கடைமடையின் துயரம் நம் பகுதிக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் இரண்டுக்கும் பொது. 2004-இல் எல்லைக்கு அப்பால் தண்ணீர் வருவது நின்றது. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கு நம் கட்டுரைக்கு அப்பாற்பட்டது. ஆனால் கடைமடையில் தண்ணீர் இல்லை என்றால் தலைமடை வரை நடந்து பார்த்தபின்தான் காரணம் சொல்ல வேண்டும் என்ற விவசாயியின் அறிவு, மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

கொஞ்சம் கணக்கு

ஒரு தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மேல்தொட்டி நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ. அதன் நீர்ப்பரப்பு 5,400 சதுர செ.மீ. ஆகவே அங்கே 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். கீழ்த்தொட்டி நீளம் 90 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. அதில் கடைசி அறை 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அங்கே 1 செ.மீ. என்பது 0.9 லிட்டர் மட்டுமே.

5.4-ஐ 0.9-ஆல் வகுத்தால் 6. அதாவது மேலே 1 செ.மீ. ஏறினால் கடைசி அறையில் 6 செ.மீ. இறங்கும். மேலே கண்ணுக்கே தெரியாத 3 மி.மீ. மாற்றம், கீழே ஏறக்குறைய 2 செ.மீ. மாற்றமாகத் தோன்றும். "பாதி தண்ணீர் போய்விட்டது" என்று பலர் பதறுவதற்குக் காரணம் இதுதான். போனது பாதி தண்ணீர் அல்ல. மேலே ஓர் அரிசியின் நீள அளவுக்கு மட்டம் உயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

உங்கள் தொட்டிக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு, ஒரு தாளில் எழுதி, மரப்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.இல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், 1 செ.மீ. உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைத்துவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம்.

இரண்டு கோடுகள்

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அழியாத மை கொண்ட பேனா ஒன்று போதும். தொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், ஸ்பாஞ்சு சுத்தமாக இருக்கும்போது, கடைசி அறையின் கண்ணாடியில் நீர் நிற்கும் இடத்தில் நீலக் கோடு போடுங்கள். இது ஓடும்போதுள்ள மட்டம். பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் இறங்கி ஓய இருபது நிமிடம் காத்திருங்கள். இப்போது நிற்கும் மட்டத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். இது நின்றபின் உள்ள மட்டம். மீண்டும் மோட்டாரைப் போட்டுவிடலாம்.

நீர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்து பதில் சொல்லும். ஒரு கோடு மட்டும் இருந்தால் சொல்லாது. காரணம், ஓடும்போதுள்ள மட்டம் இரண்டு காரணங்களால் மாறும்: தண்ணீர் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அல்லது குறையாமல் வேறிடத்தில் தங்கியிருக்கலாம். மோட்டாரை நிறுத்தினால் தங்கியிருந்த நீர் எல்லாம் கீழே வந்துவிடும். அப்போது மொத்தக் கணக்கு தெரிந்துவிடும். கடையில் சரக்கு குறைந்ததா, கடனாய்ப் போயிருக்கிறதா என்று பார்க்க எல்லோரிடமும் வசூலித்துப் பெட்டியை எண்ணுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்த நாளில் செய்ய வேண்டியது: முதலில் நீலக் கோட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சிவப்புக் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து வகையில் ஒன்று தெரியவரும்.

ஒன்று: நீலத்திலும் குறைவு, சிவப்பிலும் குறைவு. தண்ணீர் உண்மையாகவே குறைந்துள்ளது. ஆவியாகியிருக்க வேண்டும், அல்லது கசிந்திருக்க வேண்டும்.

இரண்டு: நீலத்தில் குறைவு, சிவப்பில் மாற்றமில்லை. தண்ணீர் குறையவில்லை. எங்கோ தடைபட்டுத் தங்குகிறது.

மூன்று: நீலத்தில் கூடுதல், சிவப்பில் மாற்றமில்லை. மோட்டார் தளர்ந்திருக்கிறது. மேலே போக வேண்டிய நீர் கீழேயே நிற்கிறது.

நான்கு: இரண்டிலும் கூடுதல். யாரோ ஊற்றியிருக்கிறார்கள், அல்லது தானாக நிரப்பும் வால்வு ஒழுகுகிறது.

ஐந்து: நீலத்தில் மாற்றமில்லை, சிவப்பில் கூடுதல். மோட்டார் நின்றதும் மேல்தொட்டி நீர், மேலேற்றும் குழாய் வழியே திரும்பி இழுக்கப்படுகிறது. இதுதான் மிக ஆபத்தானது.

ஒரு நுணுக்கம். தண்ணீர் நின்றபின் கீழ்த்தொட்டியின் எல்லா அறைகளும் தடுப்புகளுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். அப்போது 1 செ.மீ. என்பது 0.9 லிட்டர் அல்ல, 2.7 லிட்டர். ஆகவே 2.7 லிட்டர் குறைந்தால் நீலக் கோட்டிலிருந்து 3 செ.மீ. இறங்கும், சிவப்புக் கோட்டிலிருந்து 1 செ.மீ. மட்டுமே இறங்கும். சிவப்பில் சிறு வித்தியாசம்தானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

ஆவியா, கசிவா?

இரண்டு கோட்டிலும் குறைந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஆவியாதல். மேல்தொட்டி, கீழ்த்தொட்டி இரண்டின் நீர்ப்பரப்பையும் கூட்டினால் நம் எடுத்துக்காட்டில் 8,100 சதுர செ.மீ. நாளொன்றுக்கு 3 மி.மீ. ஆவியானால் ஏறக்குறைய 2.4 லிட்டர். அத்தனையும் கடைசி அறையில் மட்டும் தெரியும் என்பதால், அங்கே 2.7 செ.மீ. இறங்கியிருக்கும். மாசி, பங்குனி வெயிலில், மின்விசிறி நேரே தொட்டிமேல் சுழன்றால் இன்னும் கூடும். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது குறையும். ஆகவே "மழைக்காலத்தில் ஒழுகாத தொட்டி வெயில் காலத்தில் ஒழுகுகிறது" என்று யாரேனும் சொன்னால், ஒழுகல் இல்லை, ஆவிதான் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. அகன்ற வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே தண்ணீரை நிரப்பி, தொட்டியின் பக்கத்திலேயே, அதே மின்விசிறிக் காற்றுப் படும்படி வையுங்கள். இரண்டு நாளில் வாளியில் எத்தனை மி.மீ. குறைந்தது என்று பாருங்கள். தொட்டியில் குறைந்த லிட்டரையும் மொத்தப் பரப்பைக் கொண்டு மி.மீ. ஆக்கிப் பாருங்கள். ஓடும் நீர் நிற்கும் நீரைவிடச் சற்று அதிகமாகவே ஆவியாகும். ஆனால் வாளியைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகத் தொட்டியில் குறைந்தால் கசிவைத் தேட வேண்டியதுதான்.

கடல் மீன் வளர்ப்போருக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு ஆவியாகாது. ஆகவே மட்டம் குறைந்து உப்பு அளவு கூடியிருந்தால் ஆவி. மட்டம் குறைந்தும் உப்பு அளவு மாறாதிருந்தால், உப்போடு சேர்ந்தே நீர் வெளியே போயிருக்கிறது, அது கசிவு. உப்பளவு காட்டும் கருவி வீட்டில் இருந்தால் இரண்டே நிமிட வேலை.

கசிவு என்று தெரிந்தால் எங்கே என்பது அடுத்த கேள்வி. மோட்டாரை நிறுத்தி, மீனுக்குக் காற்றுக் குமிழிக் கருவியை மட்டும் ஓடவிட்டு, சில மணி நேரம் காத்திருங்கள். மேல்தொட்டியின் மட்டம் மறுகால் விளிம்புக்குக் கீழே இறங்கினால், குறை மேல்தொட்டியிலோ அதன் மூலைப் பசையிலோ அடிக்குழாய்ப் பொருத்திலோ இருக்கிறது. கீழ்த்தொட்டி இறங்கினால் குறை அங்கே. இரண்டும் அப்படியே நின்றால், தண்ணீர் ஓடும்போது மட்டுமே நனையும் இடங்களைப் பாருங்கள்: குழாய் இணைப்புகள், மோட்டார் வாய், நீர் விழும் இடத்தில் வெளியே தெறிக்கும் துளிகள். உலர்ந்த செய்தித்தாளைக் குழாயின் கீழே விரித்து வைத்தால் ஒரு துளி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

எங்கே தங்கியது?

நீலத்தில் குறைந்து சிவப்பில் குறையாவிட்டால், கடைமடையிலிருந்து தலைமடைக்கு நடக்க வேண்டும். கடைசி அறைக்கு முந்தைய அறையைப் பாருங்கள். அங்கே நீர் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் இடையிலுள்ள ஸ்பாஞ்சு அடைத்திருக்கிறது. முதல் அறையில் உயர்ந்தால் துணிப்பை அடைத்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் மேலே மறுகால் பற்களைப் பாருங்கள். அழுகிய இலை, நத்தை, சில நேரம் ஒரு சிறு மீனே அங்கே சிக்கியிருக்கும். பற்கள் அடைந்தால் மேல்தொட்டி மட்டம் உயர்ந்து அந்த நீரைத் தானே வைத்துக்கொள்ளும். மோட்டாரைப் புதிதாகச் சுத்தம் செய்தபின் நீலக் கோட்டிலிருந்து சற்று இறங்கினால் அது குறையன்று. மோட்டார் பலம் பெற்று, அதிக நீரை மேலே அனுப்புகிறது.

அடைப்பைக் கவனியாமல் விட்டால், கடைசி அறை வற்றி மோட்டார் காற்றை உறிஞ்சும். மேல்தொட்டியில் நுண்ணிய குமிழிகள் பால்போல் பரவுவதும், மோட்டார் கரகரவென்று ஒலிப்பதும் இதன் அடையாளம்.

மாறாக நீலத்தில் கூடியிருந்தால் மோட்டாரைக் கழற்றி, அதன் சுழலியில் சுற்றியிருக்கும் பாசி, முடி, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மேலேற்றும் குழாயின் உட்புறமும் வழுவழுப்பாகப் படிந்திருக்கும். மின்னழுத்தம் மிகக் குறைந்த நேரத்தில் சிறு மோட்டார் சுழலத் தொடங்காமல் உறுமிக்கொண்டு நிற்பதும் உண்டு. மின்சாரம் போய் வந்தபின் மோட்டார் சுழல்கிறதா என்று ஒருமுறை காதால் கேட்டுக்கொள்வது நல்லது.

சில தொட்டிகளில் மட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி, 'களக் களக்' என்று ஒலிக்கும். இறங்கு குழாய் முழுதாய் நிரம்பி ஒரே மூச்சில் இழுப்பதும், பிறகு காற்று புகுந்து விடுவதும் மாறி மாறி நடக்கிறது. குழாயின் மேல் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைந்திருந்தால் இப்படி ஆகும். ஊசியால் குத்திவிட்டால் ஒலி அடங்கும்.

மின்சாரம் போகும்போது

சித்திரை, வைகாசியின் இடிமழையிலும் ஐப்பசியின் மாலை மழையிலும் நம் பகுதியில் மின்சாரம் போவது அரிதன்று. மோட்டார் நின்றதும் மறுகாலுக்கு மேல் நின்ற நீர் கீழே வரும். நம் எடுத்துக்காட்டில் மறுகால் விளிம்புக்கு மேல் 1 செ.மீ. நின்றால் 5.4 லிட்டர். குழாயிலும் மூலைப் பெட்டியிலும் இருப்பது சில லிட்டர். இவ்வளவுதான் வர வேண்டும்.

ஆனால் மேலேற்றும் குழாயின் வாய், மேல்தொட்டி நீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால் கதை வேறு. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாயில் இழுப்பதுபோல், அந்தக் குழாய் வழியே தண்ணீர் தலைகீழாகத் திரும்பி இறங்கும். குழாய் வாய் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் மேலும் 27 லிட்டர், ஏறக்குறைய இரண்டு வாளி. கீழ்த்தொட்டியில் இடமில்லை என்றால் அது மரப்பெட்டிக்கும், தரைக்கும், சுவரோரத்து மின்பலகைக்கும் போகும்.

இதைத் தடுக்க மேலேற்றும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை இடுவார்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து இழுவை நின்றுவிடும். இந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும். குழாய் வாயையே நீர்மட்டத்தை ஒட்டி வைப்பது இன்னும் நல்லது. ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு நத்தை ஓடு, ஒரு மணல் துகள் போதும், அது மூடாமல் நிற்க. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்கலாகாது.

மின்சாரம் திரும்பும்போது மற்றோர் ஆபத்து. மறுகால் முழுதும் அடைந்திருந்தால், கடைசி அறையில் மோட்டாருக்கு எட்டும் நீர் எல்லாம் மேலே போய்ச் சேரும். நம் எடுத்துக்காட்டில் அங்கே எடுக்கக்கூடிய 12 செ.மீ. நீர் என்பது 10.8 லிட்டர், மேலே 2 செ.மீ. உயரும். மேல்தொட்டியில் 4 செ.மீ. இடம் விட்டிருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. விளிம்பு வரை நிரப்பி அழகு பார்க்கும் வீடுகளில் சிந்தும்.

தானாக நிரப்பும் வால்வு

மொட்டைமாடித் தொட்டியில் உள்ளதுபோன்ற மிதவை வால்வைக் கடைசி அறையில் பொருத்தி, மாடித் தொட்டிக் குழாயோடு நேரே இணைத்துவிடுகிறார்கள் சிலர். வசதிதான். ஆனால் அந்த மிதவைக்கு ஆவியும் அடைப்பும் ஒன்றே. மறுகால் அடைத்து, நீர் மேலே தங்கி, கடைசி அறை இறங்கினால், "தண்ணீர் குறைந்துவிட்டது" என்று அது வாயைத் திறந்துவிடும். மோட்டார் அந்த நீரையும் மேலே ஏற்றும். மாடித் தொட்டியில் 500 லிட்டர் இருந்தால் 500 லிட்டரும் வீட்டுக்குள் வரும்வரை ஓயாது. உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வீட்டில், திருமணத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் கதவைத் திறந்ததும் கணுக்கால் நீரில்தான் காலை வைத்தார்கள். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியின் அடித்தட்டில் இருந்த பாட்டியின் பழைய நிழற்படங்கள் போயின. அவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே மிதவை வால்வு வேண்டுமானால், மாடித் தொட்டியோடு இணைக்காமல் தனியாக ஒரு 10 லிட்டர்க் கேனோடு இணையுங்கள். எதுவும் தவறினாலும் 10 லிட்டருக்குமேல் வராது. கேன் வழக்கத்தைவிட விரைவில் காலியானால் கசிவோ அடைப்போ இருக்கிறது என்ற எச்சரிக்கையும் கிடைக்கும்.

ஊற்றும் நீர்

ஆவியான இடத்தை நிரப்ப, கடல் மீன் தொட்டியானாலும் உப்பில்லாத நல்ல நீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளடைவில் கரிக்கும். நம் செம்மண், துருக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாகச் சற்றே புளிப்புத் தன்மை உடையது. பூவாறு போன்ற கடலோர ஊர்களில் சில கிணறுகள் கோடையில் உவர்ப்பதும் உண்டு. ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து, அறைவெப்பத்துக்கு வந்தபின் ஊற்றுங்கள். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் வைக்க வேண்டும். அவசரமானால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் மருந்தை அதில் எழுதிய அளவில் சேர்க்கலாம்.

கைவிடும் முன் எல்லா மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். மின்கம்பி, பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பின் மேலேறிச் செல்லும்படி இருக்கட்டும். கம்பிவழி ஓடிவரும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வீட்டில் இல்லையென்றால், மீனுக்குச் செலவிடும் முன் அதற்குச் செலவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் நாம் ஊருக்குப் போகாமல் இருப்பதில்லை. நாகர்கோவிலோ திருநெல்வேலியோ தூத்துக்குடியோ, நான்கு நாளாவது வீடு பூட்டிக் கிடக்கும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சேச்சிக்குத்தான் வரும். அன்பு மிகுதியால் அவர் தினம் ஒரு குடம் ஊற்றிவைப்பார். புறப்படும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள்: இரண்டு நாள் முன்னதாக ஸ்பாஞ்சைக் கழுவுங்கள். புறப்படும் நாளில் செய்தால் கோளாறு தெரிய நேரம் இராது. மறுகால் பற்களையும் காற்றுத் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். மோட்டாரை ஒருமுறை நிறுத்திச் சிவப்புக் கோட்டைச் சரிபாருங்கள். நீலக் கோட்டுக்குக் கீழே, மோட்டார் மூழ்கியிருக்க வேண்டிய அளவில் மூன்றாவதாக ஒரு பச்சைக் கோடு போடுங்கள்.

பிறகு சேச்சியிடம் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: தண்ணீர் பச்சைக்கு இறங்கினால் நீலம் வரை ஊற்றலாம். நீலத்தைத் தாண்ட வேண்டாம். மேல்தொட்டி விளிம்பு வரை வந்திருந்தால் எதையும் ஊற்றாமல் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடவும். நிறத்துக்கு மொழி தேவையில்லை. மலையாளத்தில் ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கோடுகளைப் பார்க்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, நீலத்திலிருந்து எத்தனை மி.மீ., அன்று மழையா வெயிலா, எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று நான்கு கட்டம் போதும். மூன்று மாதத்தில் தங்கள் வீட்டுத் தொட்டியின் இயல்பு அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்துவிடும்.

அந்த நோட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மறுகால், மதகு, கடைமடை என்ற சொற்கள் இனிப் பாடப் புத்தகத்தில் கிடைக்கப் போவதில்லை. தாத்தா ஊர்க் குளத்தில் மறுகால் பாய்வதைக் காணும் வாய்ப்பும் எல்லோருக்கும் இல்லை. வரவேற்பறைக் கண்ணாடிக்குள் அது தினமும் பாய்கிறது. கைகாட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

ஆக, தண்ணீர் குறைந்தது கண்டால் வாளியைத் தேடாதீர்கள். முதலில் மோட்டாரை நிறுத்தி இருபது நிமிடம் பொறுங்கள். போனதா, தங்கியதா என்று தெரிந்தபின் கைவைத்தால் மீனும் பிழைக்கும், தரையும் உலர்ந்திருக்கும்.